பச்சைப் பூண்டும் என் வலது காலும்

ரங்கா, வேதா, சின்னவன் மூவருக்கும் அப்பா எழுதுவது.

என் காலைப் பற்றித் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். செய்வினை என்கிறார்கள் சிலர். ஆஸ்பத்திரிக்காரன் ஊசி போட்டுக் கருக்கினான் என்று ஒருவர் சத்தியமே பண்ணுகிறாராம். உங்களை அப்போது லால்குடியில் மாமா ஆத்தில் விட்டிருந்ததால் உங்களுக்கு இந்தக் கதைகள்தான் கிடைத்திருக்கும். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன். எழுதச் சொன்னது உங்கள் அம்மா. "என் பேரை மறைக்க வேண்டாம். நாளைக்கு வேதா ஒரு ஆத்துக்குப் போய் அடுப்பண்டை நிப்பா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்" என்றாள்.

நான் நாலாவது பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன். வைத்திய வார்த்தைகளை டாக்டர் எனக்கு விளக்கிய மாதிரியே சொல்கிறேன். தப்பிருந்தால் அது நான் புரிந்துகொண்டதில் உள்ள தப்பு.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ரயிலடிச் சரக்குக் கொட்டகையில் மூட்டை இறங்க இறங்க நின்றபடியே எண்ணி எழுத வேண்டும். ஐப்பசி மழையில் கொட்டகைப் படியில் வழுக்கி வலது கணுக்கால் புரண்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் வீக்கம் வற்றவே இல்லை. பெரியப்பா தாயார் சந்நிதிப் பக்கத்துக் கடையில் நல்ல பால் பெருங்காயமாகப் பார்த்து வாங்கி வந்து, "இதைக் குழைச்சுப் பத்துப் போடச் சொல்லு, வீக்கம் ஓடிப்போகும்" என்றார். அம்மா பற்றுப் போட்டாள். வீக்கம் எங்கேயும் ஓடவில்லை.

இந்த இடத்தில் நம் ஆத்துச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியப்பாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் பெருமாளுக்குச் சமைக்கும் தளிகைக் கைங்கர்யம். பெரியம்மா போன பிறகு அவருக்கும் நம் அடுப்புத்தான். அதனால் அந்த அடுப்பு ஆசாரம் பார்க்கிற மடி அடுப்பு. பூண்டு நம் வாசற்படி தாண்டியதே கிடையாது. நறுக்கிய பூண்டுக்கும் நசுக்கிய பூண்டுக்கும் என்ன வித்தியாசம், வெந்தால் எப்படி, வேகாவிட்டால் எப்படி என்று நம் ஆத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

ஒரு நாள் ராத்திரி அம்மா புதிதாக ஒரு கட்டுக் கட்டினாள். வாசனை ஆளைத் தூக்கியது.

"என்னடி இது, இப்படி நாற்றம்?"

"பெருங்காயம்தான். நிறையப் போட்டிருக்கேன்."

பெரியப்பா கூடத்திலிருந்து எழுந்து வந்து குனிந்து மோந்து பார்த்தார். "அடடா, கலப்படமே இல்லாத காயம்டா இது! கடைக்காரன் ஏமாத்தலே" என்றார்.

கொஞ்ச நேரத்தில் எரிய ஆரம்பித்தது. அடுப்புத் தணலைக் கொண்டுவந்து வைத்துக் கட்டிய மாதிரி எரிந்தது. எரிந்தால் மருந்து பிடிக்கிறது என்று அம்மா நம்பினாள், நானும் நம்பினேன். காலையில் கொப்புளங்கள் இருந்தன. கெட்ட நீர் வெளியே வருகிறது என்று அதையும் நல்லதாக எடுத்துக்கொண்டு, அடுத்த ராத்திரியும் அதே கட்டு. அதை அவிழ்த்தபோது தோல் வெந்து, நடுவில் கறுத்திருந்தது. மறுநாள் குளிர் காய்ச்சல். பெரியப்பா ஜட்கா பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டி டவுனில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மாவும் வந்தாள். வழியெல்லாம் அவள் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது பயம் என்று பட்டது.

வெளிநோயாளிகள் கூடத்தில் பெஞ்சு நிறைந்து தரையெல்லாம் ஜனம். டிஞ்சர் வாசனை. ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்த ஒருவரை முன்னால் விட்டார்கள். சேவகனுக்குக் கையில் ஏதோ கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்ததிலிருந்தே என் மனசு அப்படித்தான் வேலை செய்தது. யார் என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் வேறொன்று இருப்பதாகத் தோன்றும்.

டாக்டர் நடுத்தர வயசுக்காரர், அதிகம் பேசாதவர். காலை இப்படியும் அப்படியும் திருப்பினார். காலின் மேற்புறத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். பாதத்திலும் நாடி உண்டாம். அது துடித்தால் ரத்தம் அதுவரை போகிறது என்று அர்த்தம். வீக்கத்தில் அவருக்கு அது கிடைக்கவில்லை.

"இந்தக் கறுப்போட ஓரம் ஏன் இவ்வளவு நேரா இருக்கு? சதுரமா வெட்டின மாதிரி இருக்கே. என்ன போட்டீங்க?"

"பெருங்காயப் பத்து."

"பெருங்காயம் இப்படிப் பொசுக்காதே. சேங்கொட்டை ஏதாவது தடவினீங்களா? திராவகம்?"

"இல்லை."

"கட்டினது யார்?"

அம்மாவைக் காட்டினேன். பெரியப்பா அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவள் தலையைக் குனிந்தபடி, "பெருங்காயம்தான்" என்றாள். டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு எங்கள் மேல் சந்தேகம். எனக்கு அவர் மேல் சந்தேகம். காலை விட்டுவிட்டு எதற்குக் குறுக்கு விசாரணை?

வார்டில் கட்டில் கொடுத்தார்கள். சிறுநீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். அதை நான் எட்டிப் பார்த்தேன். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் தண்ணீர், அதில் சில சொட்டுச் சிறுநீரை விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுகிறார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். செங்கல் நிறமானால் நிறைய. என்னுடையது பச்சையானது. ஆனால் அந்த மேஜையில் இன்னும் நாலைந்து குழாய்கள் இருந்தன. அது என்னுடையதுதான் என்று யார் கண்டது? பக்கத்துக் கட்டில் ராவுத்தரிடம் சொன்னேன். அவர் பெரிய கடைவீதியில் தோல் வியாபாரி, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி வயிற்றில் தையலோடு படுத்திருந்தார்.

"சாமி, எனக்கும் பச்சைதான் வந்துச்சு. ரெண்டு பேரும் மாத்திக்கிட்டாலும் கணக்கு சரியாத்தான் இருக்கும். படுங்க" என்றார்.

சர்க்கரை இருந்தது, கறுப்பு இருந்தது, காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார்: காங்க்ரீன். ரத்தம் போகாத இடத்தில் சதை செத்து அழுகிப்போவது. நீரிழிவுக்காரர்களுக்குக் காலில் வரும். அது மேலே ஏறிக்கொண்டே போகுமாம், உடம்புக்குள் விஷம் பரவி ஆளையே கொண்டுபோய்விடுமாம். "முழங்காலுக்குக் கீழே எடுத்துடணும். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நாள். யோசிச்சுச் சம்மதம் சொல்லுங்க" என்று மெதுவாகத்தான் சொன்னார்.

நின்று எழுதுகிற வேலை என்னுடையது. ஒற்றைக்காலனுக்குக் கொட்டகையில் இடமில்லை. நீங்கள் மூன்று பேர்.

அன்றிலிருந்து யாரையும் நம்பவில்லை. படிக்கிற பிள்ளைகள் கும்பலாக வந்து என் காலைச் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு வெட்டிக் காட்ட ஒரு கால் வேண்டும், அதற்கு நான் அகப்பட்டேன் என்று தோன்றியது. காய்ச்சல் மருந்தில் கம்பவுண்டர் தண்ணீர் கலக்கிறான் என்று தோன்றியது. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நர்ஸ் என் கட்டை மட்டும் அவசரமாகச் சுற்றுகிறாளோ? ராத்திரியில் வார்டில் விளக்கை இறக்கிய பிறகு இதெல்லாம் இரண்டு பங்காகும். யாராவது முனகுவார்கள், யாராவது இருமுவார்கள், நான் கால் விரலை அசைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இப்படிச் சுற்றிச் சுற்றி என் சந்தேகம் ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தது. டாக்டர் சொன்னாரே, பெருங்காயம் இப்படிப் பொசுக்காது என்று. அப்படியானால் அந்தப் பெருங்காயத்தில் ஏதோ இருந்திருக்கிறது. அதை வாங்கி வந்தது யார்? என் அண்ணா, உங்கள் பெரியப்பா. ஆத்தைப் பாகம் பிரிக்கலாமா என்று ஆவணியில் நான்தான் பேச்செடுத்தேன். அவர் அன்று பதில் சொல்லாமல் எழுந்து போனார். ஒன்றையும் ஒன்றையும் முடிச்சுப் போட எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. அவர் கோயிலிலிருந்து வாங்கி அம்மாவிடம் கொடுத்தனுப்பிய புளியோதரையை ஒரு பருக்கை தொடாமல் திருப்பினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா பஸ்ஸில் தூக்குப் பாத்திரத்தோடு தனியாக வந்தாள். வாழைக்காய் வதக்கிய கரமேதும், ரசம் விட்டுப் பிசைந்த சாத்தமுது சாதமும் கொண்டுவந்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கஞ்சி எனக்கு இறங்காது என்று தினமும் இப்படித்தான். பாத்திரத்தைத் திறக்கும் முன் நான் அவளிடம் சொன்னேன்:

"இன்னிக்கு டாக்டர்கிட்டே சொல்லிடப் போறேன். போலீஸுக்குச் சொன்னாலும் சரி."

"என்னன்னு?"

"அண்ணா வாங்கிண்டு வந்த காயத்துல ஏதோ கலந்திருக்கு. சேங்கொட்டையோ என்னவோ. மிச்சம் ஆத்துலே இருக்கோல்லியோ? எடுத்துண்டு வா. பரீட்சை பண்ணட்டும்."

அவள் தூக்கைக் கீழே வைத்தாள்.

"ஐயையோ, அவரைச் சொல்லாதீங்கோ. அது பெருங்காயமே இல்லை."

"பின்னே?"

"பூண்டு."

எனக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. அவள் அழுகையும் பேச்சுமாகச் சொன்னாள். கீரைக்காரி செல்லம்மா சொன்னாளாம்: பூண்டை நசுக்கி நல்லெண்ணெயில் போட்டு, சிவக்கக் காய்ச்சி, ஆறினதும் அந்த எண்ணெயைத் தடவினால் தன் புருஷனுக்கு வீக்கம் வற்றியது என்று. கீரைக் கட்டுக்குள்ளே ஒளித்து அவளே பூண்டும் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா கொல்லையில் துவைக்கிற கல்லில் வைத்து நசுக்கினாள். ஆனால் காய்ச்ச வேண்டுமே?

"அந்த அடுப்புல எப்படி ஏத்தறது? அவர் அதுல தளிகையானதைச் சாப்டுட்டுத்தானே மடப்பள்ளிக்குப் போறார். கைங்கர்யத்துக்கு ஒண்ணு வந்துடுத்துன்னா? காய்ச்சினா என்ன, காய்ச்சாட்டா என்ன, மருந்து ஒண்ணுதானேன்னு அப்படியே கட்டிட்டேன். வாசனை தெரியக்கூடாதுன்னு துணி மேலே மாத்திரம் காயத்தைத் தடவினேன். அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ அவர் பக்கத்துலேயே நின்னுண்டிருந்தார். எனக்கு வாய் வரலை."

"இந்தக் காலை நாளைக்கு எடுக்கப் போறாடி!"

"தெரியும். அதுக்குத்தான் இன்னிக்கு எப்படியாவது டாக்டரைத் தனியாப் பார்த்துச் சொல்லணும்னு வந்தேன். அவர் ரூம் வாசல்ல சேவகன் விடலை."

ராவுத்தர் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "யம்மா, வாசல்ல நிக்கிறவன்கிட்ட என்னத்துக்குக் கேக்குறீங்க?" என்றவர், வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர்! சிஸ்டர்! ஓடியாங்க!" என்று போட்ட சத்தத்தில் நர்ஸ் அவர் தையல்தான் பிரிந்துவிட்டது என்று ஓடிவந்தாள். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. இந்தச் சாமிக்குக் கால் திரும்பி வந்திருக்கு. டாக்டரைக் கூப்பிடுங்க."

டாக்டர் வந்தார். அம்மாவின் வாயால் முழுவதையும் கேட்டார். அவருக்கு வந்த கோபத்தில் நான் தலைகுனிந்துகொண்டேன். "இதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் கத்தியைப் பத்திப் பேசியே இருக்க மாட்டேனேம்மா. ஓரம் நேரா இருக்கேன்னு தலையை உடைச்சுக்கிட்டேன். அது உங்க துணியோட ஓரம்!" என்றார். ஊசி முனையால் கறுப்புக்கு வெளியே குத்தினார், நான் துள்ளினேன். கறுப்பின் விளிம்பிலும் குத்தினார், அங்கேயும் வலித்தது. வலித்தது அவருக்குச் சந்தோஷம். வீக்கமும் கொஞ்சம் இறங்கியிருந்தது. பாதத்தில் மறுபடி விரலை வைத்து ரொம்ப நேரம் காத்திருந்தார். "இருக்கு" என்றார். "லேசா இருக்கு."

ஆனால் ஆபத்து நீங்கிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. சர்க்கரை உள்ள உடம்பு, புண் சீழ் பிடித்திருக்கிறது, பூண்டு பொசுக்கியது பாதி, அழுகல் பாதியாகவும் இருக்கலாம் என்றார். வயலட் மசி கொண்டுவரச் சொல்லிக் கறுப்பைச் சுற்றிக் கோடு போட்டார். "கறுப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா காலை எடுக்கறதைத் தவிர வழி இல்லை. தாண்டலேன்னா கால் உங்களோடது. காத்திருக்கலாம்" என்றார்.

அதற்கப்புறம் எனக்கு வேலையெல்லாம் அந்தக் கோட்டைப் பார்ப்பதுதான். காலையும் மாலையும் பெர்மாங்கனேட் போட்ட ரோஜா நிறத் தண்ணீரில் புண்ணைக் கழுவுவார்கள். கழுவினால் மசி மங்கும். மங்கினால் நர்ஸ் அதன்மேலேயே மறுபடி வரைவாள். போதாதா எனக்கு? கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிப் போட்டு, கறுப்பு நகரவில்லை என்று காட்டுகிறார்களோ? அவள் போன பிறகு கட்டை விரலால் முழங்காலிலிருந்து கோடு வரை அளந்து பார்ப்பேன்.

"சாமி, நீங்க பார்க்கிற பார்வையில கறுப்பு பயந்துபோய் அங்கேயே நிக்குது" என்பார் ராவுத்தர்.

"உங்காத்துலே இதெல்லாம் பழக்கமாச்சே. பூண்டு இப்படிப் பண்ணுமா?"

"எங்க வீட்டுல ஆணம், அதான் குழம்பு, அதுல போடாத நாளில்லை. ஆனா பச்சையா நசுக்கினதை யாரும் மேல வெச்சுக் கட்ட மாட்டாங்க. கை எரியும், அம்மியில அரைக்கிறவங்களுக்கே தெரியும்."

டாக்டரிடமும் கேட்டேன். அவர் சொன்னதை வேதா நன்றாக மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். பூண்டுப் பல் முழுசாக இருக்கும்போது சாது. நசுக்கினால்தான் அந்தக் காரச் சாறு உண்டாகிறது. அது தோலில் பட்டு, மேலே துணியும் கட்டி மூடினால், சுடு தண்ணீர் கொட்டின மாதிரியே தோலைப் பொசுக்கும். குழந்தைகள் தோல் இன்னும் மெல்லிசு. சளிக்கு மார்பில் அரைத்துப் பூசுவது, காதுவலிக்குச் சாற்றைப் பிழிவது எல்லாம் வேண்டவே வேண்டாம் என்றார். நீரிழிவுக்காரர் காலில் எந்தப் பற்றுமே கூடாது. அவர்களுக்குச் சூடும் எரிச்சலும் தாமதமாகத் தெரியும். சமைத்துச் சாப்பிடுவதில் பயமில்லை, வாயுவுக்கும் சளிக்கும் நல்லது என்று ஜனங்கள் சாப்பிடுகிறார்கள், தானும் சாப்பிடுவதாகச் சொன்னார்.

"காய்ச்சின எண்ணெயா இருந்திருந்தா என் வீக்கம் வத்தியிருக்குமா?" என்று விடாமல் கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாது. சுளுக்கு வீக்கம் காலைத் தூக்கி வெச்சுப் படுத்திருந்தாலே வத்தும். செல்லம்மா புருஷனுக்கு எதனால வத்திச்சோ! எது போட்டாலும், என்ன போட்டீங்கன்னு கேட்டா உண்மையைச் சொல்லுங்க. எனக்கு அது போதும்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அன்றைக்குத்தான் அந்த மனுஷர் மேல் எனக்கு முதல் முறையாகக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பெரியப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமையன்று, என் காலை எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து மடப்பள்ளியில் முறையை மாற்றிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். அம்மா தூணோரம் போய் நின்றுகொண்டாள். நான்தான் சொன்னேன். பூண்டு, கொல்லைக் கல், அடுப்பில் ஏற்றாதது எல்லாம். அவர் மேல் எனக்கு எழுந்த சந்தேகத்தை மட்டும் சொல்லவில்லை.

ஆத்தை விட்டுப் போகச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

"அன்னிக்குக் குனிஞ்சு அதை மோந்து பார்த்துட்டுக் கலப்படமே இல்லாத காயம்னு சொன்னேனேடா" என்றார் கடைசியில். "மடப்பள்ளியில யார்கிட்டேயும் சொல்லித் தொலைக்காதே."

ராவுத்தர் சிரிக்கவும் முடியாமல் தையல் வலியில், "அல்லா, சிரிக்க வைக்காதீங்க, பிரிஞ்சுடும்" என்று தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டார்.

பெரியப்பா அம்மா பக்கம் திரும்பினார். நேருக்கு நேர் அவளிடம் அவர் பேசியே நான் பார்த்ததில்லை. "அடுப்பு தீட்டானா இடிச்சுட்டு வேற போட்டுக்கலாம். மண்ணுதானே? இவன் காலை எந்த மண்ணால போடறது? என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொல்லையில மூணு கல்லை வெச்சு நானே காய்ச்சிக் கொடுத்திருப்பேன்" என்றார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்புறம் அவர் வெளியே போய், கட்டுக்கு வேண்டிய துணியும் பஞ்சும் மருந்துக் கடையில் வாங்கிவந்து நர்ஸிடம் கொடுத்துவிட்டு, கோயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

கறுப்பு கோட்டைத் தாண்டவில்லை. காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. கார்த்திகை பிறந்து, ராவுத்தர் வீட்டுக்குப் போய், அவர் கட்டிலுக்கு வேறு ஆள் வந்த பிறகு, ஒரு நாள் கழுவும்போது கறுப்புத் தோல் ஓரத்திலிருந்து ஏடாகப் பிரிந்து வந்தது. அடியில் சிவப்பாக ஈரச் சதை. பார்க்கக் கோரமாக இருந்தது. டாக்டர் அதைப் பார்த்து, "அழகா இருக்கு" என்றார்.

அப்போதும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. சதை உயிரோடு இருக்கலாம். ஆனால் பாதம் மரத்துப் போயிருந்தால்? படுத்தே கிடந்ததில் உள்ளங்காலில் எதுவும் பட்டு எத்தனையோ நாளாயிற்று. கட்டை போல ஒரு காலை வைத்துக்கொண்டு எப்படி நிற்பது? இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

நிற்கச் சொன்ன அன்று காலை அம்மா வந்திருந்தாள். நர்ஸ் ஒரு தோளைப் பிடித்தாள். அம்மா நாலு பேர் பார்க்கிறார்களே என்று தயங்கி, அப்புறம் இன்னொரு தோளைப் பிடித்தாள். முதலில் இடது காலை இறக்கினேன். பிறகு வலது காலை மெதுவாகத் தரையில் வைத்தேன். அப்போதுதான் தண்ணீர் விட்டுத் துடைத்த கல் தரை.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, ஏதாவது தெரியறதா?"

நான் இடது காலைத் தூக்கிக்கொண்டு, வலது காலில் மட்டும் நின்று, நிச்சயப்படுத்திக்கொண்டேன்.

"சில்லுன்னு இருக்குடி" என்றேன்.

அவள் என் தோளை விட்டுவிட்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.